அறிமுகம்: பழைய சிஸ்டம் அட்மின், தீராத சந்தேகப் பிராணி

கறுப்புத்திரை எழுதியது:

வணக்கம். வந்த நாளிலிருந்து மற்றவர்கள் எழுதுவதற்குக் கீழே போய் "அந்த போர்ட்டை முதலில் மூடுங்கள்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரய்யா நீங்கள் என்று கேட்டுவிட்டார்கள், அதனால் இந்த அறிமுகம்.

தொழில், கணினி அமைப்புகளைப் பராமரிப்பது. பாதுகாப்பு பிற்பாடு தலையில் விழுந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதற்கென்று தனி ஆள் கிடையாது. ரூட், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள கணக்கின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் பாதுகாப்பு அதிகாரி, அவர்தான் பலிகடா, பிரிண்டரில் தாள் சிக்கினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது அதே வேலையைப் பல துறையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர் போட்டுவிட்டார்கள். தாள் இன்னும் சிக்கிக்கொண்டுதான் இருக்கிறது.

பிரிண்டர் என்றதும் ஞாபகம் வருகிறது, லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கர்னலில் "எல்பி0 ஆன் ஃபயர்", அதாவது பிரிண்டர் தீப்பிடித்து எரிகிறது என்று ஒரு பிழைச்செய்தி உண்மையிலேயே உண்டு. பிரிண்டருக்கு ஏதோ கோளாறு, ஆனால் என்ன கோளாறு என்று அதற்கே சொல்லத் தெரியவில்லை, அப்போது கர்னல் இப்படி எழுதி வைக்கும். எனக்கு வந்த புகார்களில் பாதி இந்தத் தரம்தான். "சிஸ்டம் வேலை செய்யலை." எந்த சிஸ்டம்? "எல்லாமே." போய்ப் பார்த்தால் மானிட்டர் வயர் கழன்று கிடக்கும்.

ஆரம்பம் வாக்ஸ் இயந்திரம், விஎம்எஸ் இயங்குதளம், விடி100 முனையம். அந்த விஎம்எஸ்ஸின் பழைய பதிப்புகளை நிறுவினால் ஃபீல்ட் என்ற கணக்கு, சர்வீஸ் என்ற கடவுச்சொல்லோடு கூடவே வரும். சிஸ்டம் என்ற கணக்குக்கு மேனேஜர். மாற்றச் சொல்லிக் கையேட்டில் எழுதியிருக்கும், கையேட்டைப் படிப்பவர் யார்? இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறேன், ஆனால் 2016ல் மிராய் என்ற நிரல் சுமார் 60 தொழிற்சாலைக் கடவுச்சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது, அந்த அக்டோபரில் டைன் நிறுவனம் நடத்திய, தளங்களின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் பெயர்ச்சேவையைத் தாக்கிப் பெரிய பெரிய தளங்களையெல்லாம் சில மணி நேரம் திறக்க முடியாமல் செய்தது. நடுவில் இத்தனை வருடம் ஓடியிருக்கிறது, பூட்டு அதே பூட்டு.

என்னைப் பற்றி வேறென்ன? எனக்கு மிகவும் பிடித்த ஃபயர்வால், நெட்வொர்க் வயரைப் பிடுங்குவது. "இது தற்காலிக ஏற்பாடுதான்" என்று யாராவது சொன்னால் அந்தத் தேதியைக் குறித்துக்கொள்வேன். வெள்ளிக்கிழமை மாலை யார் எதை மாற்றினாலும் எனக்கு வயிறு கலங்கும். எதற்கும் "இருக்கிறது" என்ற பதில் போதாது எனக்கு, "பார்த்தீர்களா?" என்று இன்னொரு தடவை கேட்பேன். பேக்கப் இருக்கிறதா, இருக்கிறது, பார்த்தீர்களா? இந்தக் கேள்வியால் இழந்த நட்புகள் சில.

கேள்வி இருந்தால் கேளுங்கள். பிரிண்டரைப் பற்றி மட்டும் வேண்டாம்.

---

நைட்ஷிஃப்ட் எழுதியது:

வாங்கண்ணே, வாங்க. "தற்காலிக ஏற்பாடு" படித்ததும் சிரித்துவிட்டேன், எங்கள் சர்வர் அறையில் "தற்காலிகம், எடுக்கவும்" என்று ஒட்டிய சுவிட்ச் ஒன்று இருக்கிறது, ஒட்டிய ஆள் வேலையை விட்டே போய்விட்டார், அதை எடுத்தால் என்ன நிற்கும் என்று யாருக்கும் தெரியாததால் யாரும் கை வைப்பதில்லை.

---

புதுவரவு எழுதியது:

வணக்கம் சார். படிப்பை முடிக்கப் போகிறேன், சைபர் செக்யூரிட்டிக்குள் வர ஆசை. ஹேக்கிங் டூல்களோடு வரும் காளி லினக்ஸ் போட்டுவிட்டேன். முதலில் எந்த டூல் கற்றுக்கொள்ளலாம்? ஹேக்கிங்கில் சீக்கிரம் மேலே வர வழி இருந்தால் சொல்லுங்கள்.

---

கறுப்புத்திரை எழுதியது:

தம்பி, டூல் எதுவும் வேண்டாம். கொஞ்ச நாளைக்கு. கோபப்படாமல் கேளுங்கள்.

நான் நேர்முகத்தேர்வில் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி ஒன்று. ஒரு லினக்ஸ் சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டது. டிஎஃப் கட்டளை கொடுத்தால் 100 சதவீதம் என்கிறது. எந்தக் கோப்புறை இவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று டியு கட்டளையால் கூட்டிப் பார்த்தால் பாதிகூட வரவில்லை. மீதி எங்கே போயிற்று?

சான்றிதழ் நிறைய வைத்திருப்பவர்கள் பலர் இங்கே விழித்திருக்கிறார்கள். விஷயம் எளிதுதான். யாரோ ஒருவர் பெரிய லாக் கோப்பை, அதாவது நிரல் தன் நடப்பைக் குறித்துவைக்கும் கோப்பை, ஆர்எம் போட்டு அழித்திருப்பார். ஆனால் அதில் எழுதிக்கொண்டிருந்த நிரல் அதை இன்னும் திறந்தே வைத்திருக்கிறது. ஆர்எம் அழிப்பது பெயரை மட்டும்தான், கடைசியாகப் பிடித்திருக்கும் நிரல் விடும்வரை இடம் காலியாகாது. பெயர்களை வைத்துக் கூட்டுவதால் டியுவுக்கு அது தெரியாது, கோப்பு முறைமையையே கேட்பதால் டிஎஃப்க்குத் தெரியும். திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையில் பார்த்தால் அந்த வரியின் பக்கத்தில் "டெலீட்டட்" என்று இருக்கும். நிரலை மறுபடி துவக்கினால் இடம் வந்துவிடும்.

இதற்கும் ஹேக்கிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். உள்ளே நுழைந்தவன் செய்வதும் இதேதான். தன் நிரலை ஓடவிட்டு, டிஸ்க்கிலிருந்து கோப்பை அழித்துவிடுவான், கோப்புகளை ஸ்கேன் செய்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. ஆனால் ஓடுகிற நிரல்களின் விவரம் இருக்கும் ப்ராக் என்ற கோப்புறைக்குள் அந்த நிரலின் எண்ணுக்குள் போனால், எக்ஸி என்ற இணைப்பு எதைக் காட்டுகிறது என்று பாருங்கள், கடைசியில் அதே "டெலீட்டட்" நிற்கும். அதைவிட நல்ல செய்தி, அந்த இணைப்பிலிருந்தே கோப்பை நகல் எடுத்துக்கொள்ளலாம், அழித்தவன் அழித்ததாக நினைத்துக்கொண்டிருக்கும்போதே. அதனால்தான் சந்தேகமான சர்வரை அவசரப்பட்டு ரீபூட் செய்யாதீர்கள் என்று தொண்டை வறளக் கத்துகிறோம்.

இன்னும் ஒரு படி போகலாம். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானபோது இணையத் தொடர்பை மறைகுறியாக்கப் பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் ஓபன்எஸ்எஸ்எல் என்ற நிரல் நூலகத்தைப் புதுப்பித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனவர்கள் உண்டு. டிஸ்க்கில் புதிய கோப்பு இருந்தது, நினைவகத்தில் பழைய நூலகமே ஓடிக்கொண்டிருந்தது, சர்வீஸை மறுபடி துவக்காததால். ஒவ்வொரு கேள்விக்கும் 64 கிலோபைட் வரை நினைவகத்தை அள்ளிக்கொடுத்த ஓட்டை அது. பதிப்பு எண்ணைக் கேட்டால் "சரியாக இருக்கிறது" என்று வரும், ஓடுகிற நிரல் ஓட்டையோடே ஓடும். அப்படியே துவக்கியிருந்தாலும் அதுவரை கசிந்திருக்கக்கூடிய தளத்தின் ரகசியத் தனிச்சாவியை மாற்றித் தளத்துக்குப் புது அடையாளச் சான்றிதழ் வாங்க வேண்டும், அதைச் செய்யாமல் விட்டவர்கள் இன்னும் அதிகம்.

ஆக, பெயர் அழிந்தாலும் கோப்பு இருக்கும் என்ற ஒரே விஷயம், டிஸ்க் நிரம்பியதையும் விளக்குகிறது, ஒளிந்திருப்பவனையும் காட்டிக்கொடுக்கிறது, அரைகுறைப் பேட்சையும், அதாவது பாதியில் விட்ட திருத்தத்தையும் கண்டுபிடிக்கிறது. இது எந்த டூலின் மெனுவிலும் இருக்காது. ஒரு பழைய கணினியில் லினக்ஸ் போட்டு, நீங்களே உடைத்து, நீங்களே சரிசெய்யுங்கள். உங்களுடையதை மட்டும். அடுத்தவர் கணினியில் கை வைத்தால் அதற்குப் பெயர் கற்றல் இல்லை, வழக்கு.

---

மேகக்கூட்டம் எழுதியது:

பெரியவரே, கோபித்துக்கொள்ளாதீர்கள், படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எல்லாம் பழங்கதை. இப்போது யார் சர்வருக்குள் போய் எல்எஸ்ஓஎஃப் அடிக்கிறார்கள்? நிரலைத் தனிப் பெட்டிபோல் அடைத்து ஓட்டும் கன்டெய்னரில் பிரச்சினையா, கொன்றுவிட்டுப் புதிதாக ஒன்று எழுப்பு, முப்பது விநாடி. டிஸ்க் நிரம்பினால் கொல். சந்தேகமா, கொல். புதுத் தம்பிகளை விடி100 காலத்துக்கு இழுத்துப் போகாதீர்கள், அவர்களுக்கு வேலை கிடைக்க வேண்டும்.

---

கறுப்புத்திரை எழுதியது:

கோபமே இல்லை. கொன்றுவிட்டுப் புதிதாக எழுப்புவது நல்ல பழக்கம், எங்கள் காலத்தில் கிடைத்திருந்தால் நான் நிறைய இரவு தூங்கியிருப்பேன். இரண்டே இடத்தில் ஒத்துப்போக மாட்டேன்.

ஒன்று, சந்தேகம் என்று கொன்றீர்களே, உள்ளே வந்தவன் எந்த வழியாக வந்தான் என்ற தடயமும் கூடவே போயிற்று. புதிதாக எழுப்பியது அதே இமேஜ், அதாவது கன்டெய்னர் வார்க்கும் அதே அச்சு, அதே ஓட்டை. முப்பது விநாடியில் நீங்கள் திரும்பினீர்கள், முப்பத்தோராவது விநாடியில் அவனும் திரும்புவான்.

இரண்டு, 2021 டிசம்பரில் லாக்4ஷெல் என்ற ஓட்டை வெளிவந்தபோது நீங்கள் எந்தப் பக்கம் இருந்தீர்கள்? லாக் எழுதும் ஒரு ஜாவா நூலகம், அதற்குள் ஒரு வரி எழுத வைத்தாலே வெளியிலிருந்து நிரலை இறக்கி ஓட்டிவிடும். திருத்தம் சீக்கிரமே வந்துவிட்டது, பிறகு ஒன்றன்பின் ஒன்றாக அதற்குத் திருத்தங்கள் வந்தது வேறு கதை. உலகமே திண்டாடியது திருத்தம் இல்லாமல் அல்ல, அந்த நூலகம் தன்னிடம் எங்கெங்கே இருக்கிறது என்று தெரியாமல். ஜார் என்ற ஜாவா பொட்டலம், ஜாருக்குள் ஜார், அதற்குள் இன்னொரு ஜார், எவரோ கட்டிய இமேஜுக்குள் அது. கன்டெய்னர் வைத்திருந்தவர்கள் ஒன்றும் சீக்கிரம் கரையேறவில்லை. என்ன ஓடுகிறது என்று பட்டியல் வைத்திருந்தவர்கள்தான் ஏறினார்கள், அவர்களில் சிலர் அதை எக்செல்லில் வைத்திருந்தார்கள் என்பது உங்களுக்கு வருத்தமாக இருக்கும்.

---

மேகக்கூட்டம் எழுதியது:

எக்செல் வலிக்கிறது. அந்த டிசம்பரில் நான் விடுமுறையில் இருந்தேன், அதாவது விடுமுறையில் இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். தடயம் பற்றிச் சொன்னது சரி, கொல்லும் முன் அந்த நேரத்து நிலையை நகலெடுக்கும் ஸ்னாப்ஷாட் ஒன்று எடுத்து ஒதுக்கி வைக்கலாம், லாக் எல்லாம் வெளியே ஓர் இடத்தில் சேரவேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடிப்படை என்ற பெயரில் பத்து வருடம் படிக்கச் சொல்வதை மட்டும் ஏற்கமாட்டேன்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

நான் கணினித் துறை இல்லை, கணக்குத் துறை. ஒரே சந்தேகம். எங்கள் அலுவலகத்தில் 30 நாளுக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றச் சொல்கிறார்கள், பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் வேண்டுமாம். எல்லோரும் மாதத்தின் பெயரையும் வருடத்தையும் போட்டுக் கடைசியில் ஒரு ஆச்சரியக்குறி வைத்துவிடுகிறோம். இது உண்மையிலேயே பாதுகாப்பா?

---

கறுப்புத்திரை எழுதியது:

ஐயா, உங்கள் கடவுச்சொல்லை இப்போது எல்லோருக்கும் சொல்லிவிட்டீர்கள். போய் மாற்றிவிட்டு வாருங்கள், காத்திருக்கிறோம்.

இந்த விதிகள் பரவக் காரணம் அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டியில் பில் பர் எழுதிய 2003ம் ஆண்டு ஆவணம். அவரே 2017ல், எழுதியதில் பெரும்பகுதிக்கு வருந்துவதாகப் பத்திரிகையில் சொல்லிவிட்டார். அதே வருடம் என்ஐஎஸ்டி வழிகாட்டுதலும் மாறியது: காரணமில்லாமல் நாள் கணக்கு வைத்து மாற்றச் சொல்லாதே, கசிந்தது என்று தெரிந்தால் மாற்றச் சொல், நீளமாக வைக்க விடு, ஏற்கெனவே கசிந்த கடவுச்சொற்களின் பட்டியலோடு ஒப்பிட்டு, அதில் இருந்தால் ஏற்காதே. இதை உங்கள் ஆட்களுக்கு அனுப்புங்கள். படிக்க மாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் வைத்திருக்கும் தணிக்கைப் படிவத்தில் "30 நாள்" என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் போட வேண்டும். தாக்க வருபவனைவிட அந்தக் கட்டத்துக்குப் பயப்படுகிற பாதுகாப்புக் குழுக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பழைய யூனிக்ஸில் இதைவிட வேடிக்கை. கிரிப்ட் என்ற முறை கடவுச்சொல்லின் முதல் 8 எழுத்தை மட்டும்தான் பார்க்கும், மீதியைக் கண்டுகொள்ளாது. ஆங்கிலத்தில் பாஸ்வேர்ட் என்று எழுதினால் சரியாக 8 எழுத்து. அதற்குப் பின்னால் என்ன குறி, என்ன எண் சேர்த்து எவ்வளவு நீளமாக வைத்தாலும், வெறும் பாஸ்வேர்ட் என்று அடித்தால் கதவு திறக்கும். 1988 நவம்பர் 2ந் தேதி வலையமைப்பில் தானாகவே பரவும் மோரிஸ் புழு கிளம்பியபோது அதன் கையில் இருந்தது 432 சொற்கள் கொண்ட ஒரு சின்னப் பட்டியல், கூடவே பயனரின் பெயரையே திருப்பிப் போட்டுப் பார்க்கும் வழி. அதற்கே எத்தனையோ கணக்குகள் திறந்துகொண்டன.

---

லாக்குவாசி எழுதியது:

நானும் அறிமுகமாகிக்கொள்கிறேன், லாக் படிப்பதுதான் முழுநேர வேலை, வீட்டில் இது ஒரு வேலையா என்று கேட்கிறார்கள்.

எக்ஸ்இசட் சம்பவத்தை யாரும் சொல்லவில்லையே? 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் நிரலாளர் தன் வேலைக்காக ஏதோ அளந்துகொண்டிருந்தார், தொலைவிலிருந்து கணினிக்குள் போகும் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்தார். தோண்டிப் பார்த்தால் எக்ஸ்இசட் சுருக்க நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் புறவாசல். ஜியா டான் என்ற பெயரில் இரண்டு வருடத்துக்கு மேல் பொறுமையாகப் பங்களித்து, பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்று உள்ளே வைத்தது. எந்த விலையுயர்ந்த ஸ்கேனரும் பிடிக்கவில்லை. ஒரு மனிதருக்கு அரை விநாடி உறுத்தியது, அவ்வளவுதான். 1986ல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிளிஃப் ஸ்டோல் கணினி நேரக் கட்டணக் கணக்கில் 75 சென்ட் இடித்ததைப் பின்தொடர்ந்து போய் ஜெர்மனியிலிருந்த ஒற்றனைப் பிடித்ததும் இதே ரகம்.

---

மேகக்கூட்டம் எழுதியது:

இரண்டுமே அதிர்ஷ்டம். யாருக்கோ உறுத்தும் என்று நம்பிக்கொண்டு ஒரு நிறுவனத்தை நடத்த முடியுமா?

---

கறுப்புத்திரை எழுதியது:

நடத்த முடியாது, இதில் நீங்கள் சொல்வதுதான் சரி. இந்தக் கதைகளைச் சொல்லிச் சொல்லி நாமே ஒரு மயக்கத்தை வளர்த்துவிட்டோம், பாதுகாப்பு என்றால் யாரோ ஒரு கெட்டிக்காரர் நடுராத்திரியில் எதையோ மோப்பம் பிடிப்பது என்று. நான் பார்த்த வரையில் நாசம் எல்லாம் தெரிந்த ஓட்டையில்தான் வருகிறது. 2003 ஜனவரி 25ல் ஸ்லாமர் புழு, மொத்தமே 376 பைட், ஓட்டை இருந்த இயந்திரங்களில் பெரும்பாலானவற்றைப் பத்து நிமிடத்துக்குள் பிடித்தது, அதற்கான பேட்ச் ஆறு மாதம் முன்பே வெளியாகியிருந்தது. 2017 மே 12ல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை, அதன் பேட்ச் மார்ச்சிலேயே வந்துவிட்டது. இவற்றில் மோப்பம் பிடிக்க என்ன இருக்கிறது? பேட்ச் போடும் ஆளுக்கு நேரம் கொடுத்திருந்தால் முடிந்தது.

ஆனால் பேட்ச் போட்டு எதுவுமே நடக்காமல் இருந்ததற்கு யாரும் விருது கொடுப்பதில்லை. எரிந்த பிறகு அணைத்தவருக்குத்தான் மாலை. ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, பெயர் வேண்டாம், ஒரு வருடம் எந்தச் சம்பவமும் நடக்கவில்லை என்று காரணம் காட்டி என் குழுவில் ஆளைக் குறைத்தார்கள்.

---

நைட்ஷிஃப்ட் எழுதியது:

இதே காரணம் எனக்கும் சொல்லியிருக்கிறார்கள். அண்ணே, பேக்கப் பற்றி "பார்த்தீர்களா" என்று கேட்டு நட்பை இழந்தேன் என்றீர்களே, அது என்ன? எங்களுக்குத் தினமும் பேக்கப் வெற்றி என்று மெயில் வருகிறது, அது போதாதா?

---

கறுப்புத்திரை எழுதியது:

மெயில் வருகிறது, சரி. அந்தப் பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பையாவது கடைசியாக எப்போது மீட்டீர்கள்?

நிரல்களைச் சேமித்து வைக்கும் தளம் நடத்தும் கிட்லேப் நிறுவனத்துக்கு 2017 ஜனவரி 31ல் நடந்ததை அவர்களே ஒளிவுமறைவில்லாமல் எழுதி வெளியிட்டார்கள், அந்த நேர்மைக்காகவே அவர்கள் மேல் எனக்கு மரியாதை. இரவில் களைத்துப்போன பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்புறையை அழிக்கக் கட்டளை கொடுத்துவிட்டார், விநாடிக் கணக்கில் சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. ஐந்து விதமான பேக்கப், பிரதி ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஒன்றும் சரியாக வேலை செய்யவில்லை. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப் எடுக்கும் பிஜி டம்ப் 9.2, பதிப்பு பொருந்தாததால் அது ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றால் மெயில் போகும், ஆனால் அனுப்புநரைச் சரிபார்க்கும் டிமார்க் ஏற்பாடு அவற்றுக்கு இல்லாததால் அந்த மெயில்களைப் பெறும் பக்கமே நிராகரித்துக்கொண்டிருந்தது. பேக்கப் சேரவேண்டிய இடம் காலி. கடைசியில் வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்து வைத்திருந்த ஸ்னாப்ஷாட் காப்பாற்றியது.

தோல்வி மெயில் வரவில்லை, அதனால் எல்லாம் நலம் என்று இருந்துவிட்டார்கள். உங்களுக்கு வெற்றி மெயில் வருகிறது, அது கொஞ்சம் மேல். அந்த மெயில் ஒருநாள் வராமல் போனால் யார் கவனிப்பார்கள் என்று சொல்லுங்கள். அப்புறம் இந்த வாரமே ஒரு காலி இயந்திரத்தில் முழு மீட்பு செய்து பாருங்கள், எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் பாருங்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் மேலாளர் கேட்கும் முதல் கேள்வி அதுதான், "நாளைக்குள் ஆகிவிடுமா?" அன்றைக்கு ஊகித்துப் பதில் சொல்லக் கூடாது. பேக்கப் சர்வருக்கும் மற்ற சர்வர்களுக்கும் ஒரே டொமைன் அட்மின் கணக்கு, அதாவது எல்லா இயந்திரத்துக்கும் அதிகாரம் உள்ள கணக்கு இருந்தால் அதை இன்றே பிரித்துவிடுங்கள், உள்ளே வருகிறவன் முதலில் பேக்கப்பைத்தான் அழிப்பான். ஒரு பிரதியாவது நெட்வொர்க்கில் தொங்காமல் தனியாக இருக்கட்டும்.

---

நைட்ஷிஃப்ட் எழுதியது:

ஒரே கணக்குதான் அண்ணே. நாளைக்குப் பேசுகிறேன் மேலாளரிடம். "தற்காலிகம்" சுவிட்சும் பேக்கப் சர்வருக்குத்தான் போகிறது என்று இப்போதுதான் வயரைத் தொட்டுப் பார்த்தேன்.

---

புதுவரவு எழுதியது:

சார், நீங்கள் சொன்ன ப்ராக் விஷயத்தை என் லேப்டாப்பில் செய்து பார்த்தேன். நான்கு நிரல்களுக்கு "டெலீட்டட்" காட்டுகிறது! என் கணினிக்குள் யாரோ இருக்கிறார்களா? கை நடுங்குகிறது.

---

கறுப்புத்திரை எழுதியது:

நடுங்க வேண்டாம். காலையில் அப்டேட் போட்டீர்களா? போட்டிருந்தால் பழைய கோப்பு போய்ப் புதுக் கோப்பு வந்திருக்கும், ஓடுகிற நிரல் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். நிரல்களின் பெயர், அவை கிளம்பிய நேரம், அப்டேட் லாக்கில் உள்ள நேரம், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். நான்கும் அப்டேட்டுக்கு முன்னால் கிளம்பியவையாக, உங்களுக்குத் தெரிந்த பாதையில் இருந்தவையாக இருந்தால் மறுபடி துவக்குங்கள், சரியாகிவிடும். ஏதாவது ஒன்று டெம்ப் என்ற தற்காலிகக் கோப்புறையிலிருந்து ஓடியிருந்தால் ரீபூட் செய்யாமல் இங்கே வந்து சொல்லுங்கள்.

---

புதுவரவு எழுதியது:

மூன்று அப்டேட்தான் சார். நான்காவது பிரிண்டர் சர்வீஸ்.

---

கறுப்புத்திரை எழுதியது:

நான் முதலிலேயே சொன்னேன்.